பழைய பைக்ல வந்து வந்து போற கரண்ட் பிரச்சனை: பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

என்கிட்ட இருக்கிறது 1994 மாடல் புல்லட். பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின், பாயிண்ட் செட் வண்டி (பாயிண்ட்னா காயிலுக்குப் போற கரண்டை மூடித் திறந்து பொறி வரவைக்கிற சின்ன ஸ்விட்ச்), அப்பா ஓட்டினது. 2024 ஏப்ரல்ல ஜி.எஸ்.டி ரோட்ல வண்டலூர் தாண்டிப் போயிட்டிருக்கப்போ பொசுக்குனு ஆஃப் ஆச்சு, யாரோ சாவியைத் திருப்பின மாதிரி. ஓரமா தள்ளி நிறுத்தி, பத்து நிமிஷம் நிழல்ல நின்னுட்டு வந்து மிதிச்சா ஒரே கிக்ல ஸ்டார்ட். அடுத்த வாரம் மறுபடி அதே கதை. அப்புறம் பதினஞ்சு நாள் ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஒரே நாள்ல ரெண்டு தடவை. ஒர்க்‌ஷாப்ல கொண்டு போய் விட்டா அங்க மட்டும் நல்லா ஓடும்.

நாலு மாசம், மூணு மெக்கானிக். ஒருத்தர் பேட்டரி மாத்தினார், ஒருத்தர் காயில் (பிளக்ல பொறி வர்ற அளவுக்கு வோல்டேஜை ஏத்திக் கொடுக்கிறது) மாத்தினார், இன்னொருத்தர் பாயிண்ட், கண்டன்சர் (பாயிண்ட்ல பொறி பறக்காம பாத்துக்கிறது), பிளக் மூணையும் சேர்த்து மாத்தினார். பில்லெல்லாம் கூட்டிப் பாத்தா லேபரோட சேர்த்து 5,600 ரூபாய் தாண்டிடுச்சு. கடைசில கோளாறு எங்க இருந்துச்சுன்னா ஹேண்டில் கழுத்துகிட்ட ஒரே ஒரு ஒயர்ல, ஒரு விரல் நீளத்துக்கு. அதைச் சரி பண்ண ஆன செலவு 60 ரூபாய். அந்த நாலு மாசத்தை நீங்க படக்கூடாதுன்னுதான் இவ்வளவு விரிவா எழுதுறேன். புல்லட் மட்டும் இல்ல, பழைய ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கவங்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான், வித்தியாசம் வர்ற இடத்துல சொல்றேன்.

முதல்லயே ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. வந்து வந்து போற கோளாறை, அது இருக்கும்போதுதான் பிடிக்க முடியும். வண்டி நல்லா ஓடிட்டு இருக்கப்போ மீட்டர் வச்சு அளந்தா எல்லாமே சரியாத்தான் காட்டும். அதனால நம்ம முதல் வேலை ரிப்பேர் இல்ல, கோளாறை நம்ம இஷ்டத்துக்கு வரவைக்கிறது.

1. முதல்ல ஒரு நோட்டு

சின்ன பாக்கெட் நோட்டு போதும், இல்ல போன்லயே எழுதுங்க. ஒவ்வொரு தடவை பிரச்சனை வந்ததும் அங்கயே நின்னு எழுதணும், வீட்டுக்குப் போய் எழுதலாம்னு விட்டா பாதி மறந்துடும். எழுத வேண்டியது: தேதி, நேரம், எவ்வளவு தூரம் ஓட்டினதுக்கு அப்புறம், வெயிலா மழையா, ஹேண்டில் எந்தப் பக்கம் இருந்துச்சு, குழில விழுந்துச்சா, லைட் போட்டிருந்தீங்களா, பிரேக் பிடிச்சீங்களா, அந்த நேரம் ஹாரன் அடிச்சுதா, எப்படித் திரும்ப ஸ்டார்ட் ஆச்சு.

கடைசிக் கேள்விதான் என் விஷயத்துல முக்கியமா போச்சு. பத்து நிமிஷம் ஆறவிட்டா ஸ்டார்ட் ஆகுது, அப்போ சூட்டுனாலதான்னு நானும் நம்பினேன், மூணு மெக்கானிக்கும் நம்பினாங்க, காயிலும் கண்டன்சரும் அதனாலதான் மாறுச்சு. ஆனா நோட்டை எடுத்து வரிசையா படிச்சப்போ ஒன்பது தடவைல ஏழு தடவை ஸ்பீடு பிரேக்கர்லயோ, பாலத்துல ஜாயிண்ட் வர்ற இடத்துலயோ, யூ டர்ன் அடிக்கும்போதோதான் ஆஃப் ஆயிருக்கு. ஒரு தடவை பின்னாடி பஸ் வந்துட்டதால ஆறவே விடல, ஓரமா தள்ளிட்டுப் போய் உடனே மிதிச்சேன், உடனே ஸ்டார்ட் ஆயிருக்கு. ஓரங்கட்டறதுக்காக ஹேண்டிலைத் திருப்பினதுலதான் உள்ள அறுந்த ஒயர் மறுபடி ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, பத்து நிமிஷ நிழலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இன்னொண்ணும் எழுதுங்க: டக்குனு செத்துச்சா, இல்ல இழுத்து இழுத்து செத்துச்சா. சாவியைத் திருப்பின மாதிரி ஒரே அடியா போச்சுன்னா பெரும்பாலும் கரண்ட். திணறி, வேகம் குறைஞ்சு, சோக் இழுத்தா கொஞ்சம் உயிர் வந்து அப்புறம் போச்சுன்னா பெட்ரோல் பக்கம் பாருங்க. டாங்க் மூடில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சாலும் இருபது நிமிஷம் ஓடி நின்னு, கொஞ்ச நேரத்துல திரும்ப ஸ்டார்ட் ஆகும். நின்ன உடனே மூடியைத் திறங்க, புஸ்ஸுனு காத்து உள்ள இழுத்தா ஒயரிங்கைத் தொடவே வேணாம்.

2. உங்க வண்டி எந்த வகைன்னு தெரிஞ்சுக்கோங்க

இது தெரியாம ஆரம்பிச்சா தேடற திசையே தப்பாயிடும். பாயிண்ட் செட் புல்லட் பேட்டரி கரண்ட்ல ஓடுற வண்டி. பேட்டரிலேருந்து காயில் வரைக்கும் எங்கயாவது ஒயர் அறுந்தா இன்ஜின் நிக்கும்.

பழைய ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ் 100 மாதிரி வண்டிங்க மேக்னெட்லேருந்து (இன்ஜின் சுத்தறப்போ கரண்ட் உண்டாக்குறது) நேரா சிடிஐக்கு (பாயிண்டுக்குப் பதிலா பொறி விடற எலெக்ட்ரானிக் பெட்டி) கரண்ட் எடுக்குது. பேட்டரியைக் கழட்டிட்டாலும் இன்ஜின் ஓடும். அதுல சாவியை ஆஃப் பண்ணினா என்ன நடக்குதுன்னா ஒரு ஒயர் எர்த்து ஆகுது, அதாவது வண்டி பாடியோட சேருது, அதனால இன்ஜின் நிக்குது. அப்போ இந்த வகைல ஓடிட்டு இருக்கப்போ நின்னா அறுந்த ஒயர் மட்டும் இல்ல, அந்த ஆஃப் ஒயர் எங்கயாவது தோல் உரிஞ்சு பாடில படுதான்னும் பாக்கணும். சோதனை சுலபம்: சிடிஐகிட்ட அந்த ஒயரை மட்டும் கழட்டிட்டு டேப் சுத்திட்டு ஓட்டுங்க. பிரச்சனை காணாம போச்சுன்னா கோளாறு அந்த ஒயர்லயோ சாவி ஸ்விட்ச்லயோதான். ஆனா அப்படி ஓட்டும்போது சாவியைத் திருப்பினா வண்டி ஆஃப் ஆகாது, பிரேக் பிடிச்சு டாப் கியர்ல கிளட்சை விட்டுத்தான் நிறுத்தணும், அதனால வீட்டுத் தெருவுலயே பாருங்க.

இந்த மாதிரி வண்டில ஹெட்லைட்டும் மேக்னெட்லேருந்து நேரா எரியுது, ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட்தான் பேட்டரி. அதனால ஹெட்லைட் விட்டு விட்டு எரியுதுன்னு பேட்டரி மாத்தறது காசை ரோட்ல போடற வேலை.

ஒயர் கலர் விஷயத்துலயும் ஜாக்கிரதை. ஹோண்டா வழி வந்த வண்டில பச்சைதான் எர்த்து, கறுப்புன்னா சாவி போட்டதும் வர்ற பிளஸ். யமஹால கறுப்புதான் எர்த்து, சாவி பிளஸ் பிரவுன் கலர். ஒரு வண்டில பழகின கையோட இன்னொரு வண்டில கறுப்பு ஒயரை பாடில கட்டினா ஃபியூஸ் போயிடும், ஃபியூஸுக்குப் பதிலா யாராவது கம்பி சுத்தி வச்சிருந்தா ஒயரிங்கே போயிடும். உங்க மாடலோட ஒயரிங் படத்தை முதல்ல பிரிண்ட் போட்டு வச்சுக்கோங்க, சர்வீஸ் மேனுவல்ல கடைசிப் பக்கங்கள்ல இருக்கும். ஏ3 சைஸ்ல கலர் பிரிண்ட், எனக்கு 40 ரூபாய் ஆச்சு. முப்பது வருஷ வண்டின்னா இடைல யாரோ கலர் மாத்தி ஒயர் போட்டிருப்பாங்க, அதையும் அந்த பேப்பர்லயே பேனால குறிச்சுட்டே வாங்க.

3. வாங்க வேண்டியது

டிஜிட்டல் மல்டிமீட்டர், சாதாரண மஞ்சக் கலர்ல வர்றது போதும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல 300 ரூபாய்க்கு வாங்கினேன். காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே 250. நல்ல உப்புத்தாள் ஒரு ஷீட், வாசலின் ஒரு டப்பா, ஹீட் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்கி ஒயரைப் பிடிச்சுக்கிற குழாய்) ரெண்டு மூணு சைஸ்ல, கிராக்கடைல் கிளிப் ஆறு, உங்க வண்டிக்குப் போடற ஃபியூஸ் அஞ்சு.

இதுகூட ரெண்டு டெஸ்ட் லாம்ப் நீங்களே பண்ணிக்கோங்க. ஒண்ணு சின்ன 3 வாட்ஸ் பல்பு, இன்னொண்ணு பிரேக் லைட்டோட 21 வாட்ஸ் பல்பு. ரெண்டுக்கும் ஹோல்டர், ஒரு மீட்டர் ஒயர், முனைல கிளிப். ரெண்டும் சேர்த்து 100 ரூபாய்க்குள்ள முடியும். மீட்டரை விட இந்த ரெண்டு பல்புதான் எனக்கு அதிகம் உதவுச்சு, ஏன்னு அஞ்சாவது, ஆறாவது, எட்டாவதுல வரும்.

4. பேட்டரி, டெர்மினல், ஃபியூஸ்: அரை மணி நேர வேலை

இதை வேகமா முடிச்சுடலாம். ராத்திரி முழுக்க சும்மா நின்ன வண்டில காலைல பேட்டரியை அளந்தா 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும். 12.2ன்னா பாதிதான் இருக்கு, 12க்குக் கீழன்னா காலி. இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டர் கொஞ்சம் ஏத்திப் பிடிச்சா 13.5லேருந்து 14.5 வரைக்கும் வரணும். ஏறவே இல்லன்னா சார்ஜ் ஆகல, 15 தாண்டிப் போச்சுன்னா வோல்டேஜைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் போச்சு, பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகறதும் அதனாலதான் இருக்கும்.

பேட்டரி டெர்மினல் போல்ட்டை ஸ்பேனர் போடாம கையாலயே திருகிப் பாருங்க. கையால நகர்ந்தா அதுவே கோளாறா இருக்கலாம். கழட்டி, உப்புத்தாள் போட்டு, டைட் பண்ணி, அதுக்கப்புறம் மேல வாசலின் தடவுங்க. ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்து ரெண்டு பக்கமும் கிளிப் இறுக்கமா பிடிக்குதா பாருங்க. கண்ணாடி ஃபியூஸ்ல ஒரு கஷ்டம் இருக்கு, உள்ள இருக்கிற கம்பி மூடிகிட்ட விட்டுப் போயிருக்கும், பாத்தா முழுசா தெரியும், குலுங்கினா விட்டு விட்டு வரும். சந்தேகமா இருந்தா புதுசு போட்டுடுங்க, பத்து ரூபாய்தான்.

அப்புறம் பழைய ஓனரோ நீங்களோ எக்ஸ்ட்ரா மாட்டினது எல்லாத்தையும் கழட்டுங்க. அலாரம், ரிமோட் லாக், மொபைல் சார்ஜர், எக்ஸ்ட்ரா ஹாரன், ஃபாக் லைட், எதா இருந்தாலும். ஒரு ஒயரோட தோலைச் சீவி இன்னொரு ஒயரைச் சுத்தி டேப் போட்டிருப்பாங்க பாருங்க, அந்த மாதிரி ஜாயிண்ட்தான் பழைய வண்டில பாதிப் பிரச்சனைக்குக் காரணம். கோளாறு சரியானதுக்கு அப்புறம் ஒண்ணொண்ணா திரும்ப மாட்டிக்கலாம்.

5. எர்த்து

இதை யாரும் பாக்க மாட்டாங்க, ஏன்னா எர்த்து ஒயர் அறுந்திருக்காது, போல்ட்டும் இருக்கும், ஆனா கரண்ட் போகாது. எனக்கு இன்ஜின் பிரச்சனைகூடவே பின் லைட்டும் ஹாரனும் தனியா தகராறு பண்ணிட்டு இருந்துச்சு. பிரேக் பிடிச்சா பின்னாடி சிவப்பு லைட் பிரகாசமாகறதுக்குப் பதிலா மங்கும், சில நாள் இண்டிகேட்டர் போட்டா பின் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டும். இப்படி ஒரு லைட்டைப் போட்டா சம்பந்தமே இல்லாத இன்னொண்ணு எரிஞ்சா கண்ணை மூடிட்டு எர்த்தைப் பாருங்க. கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாம அடுத்த பல்பு வழியா சுத்திப் போகுதுன்னு அர்த்தம்.

காரணம் என்னன்னா முந்தின வருஷம் மட்கார்டுக்குப் பவுடர் கோட்டிங் பண்ணியிருந்தேன். பின் லைட்டுக்கு எர்த்து மட்கார்டு வழியாத்தான் போகுது. பவுடர் கோட்டிங் பிளாஸ்டிக் மாதிரி கனமா உக்காந்துக்கும், கரண்டை விடாது. போல்ட்டோட மரை ஒரு இடத்துல லேசா உரசிட்டு இருந்ததால எப்பவாவது எரிஞ்சுது. போல்ட் உக்கார்ற இடத்துல ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, கூடவே பின் லைட்லேருந்து ஃப்ரேமுக்குத் தனியா ஒரு ஒயர் இழுத்தேன், அன்னியோட சரியாச்சு. ஃப்ரேமுக்குப் பெயிண்ட் அடிச்ச வண்டி, புதுசா ரீஸ்டோர் பண்ணின வண்டின்னா இதைத்தான் முதல்ல பாக்கணும்.

அளக்கிற முறை: ஹெட்லைட்டும் பிரேக் லைட்டும் எரியவிட்டுட்டு, மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, கறுப்பு முனையை பேட்டரி மைனஸ்லயும் சிவப்பு முனையை அந்தந்த லைட்டோட எர்த்துலயும் வைங்க. கிட்டத்தட்ட சைபர் வரணும். 0.2, 0.3ன்னு ஏறினா நடுவுல எங்கயோ களிம்பு இருக்கு. இன்ஜின் பாடி, ஃப்ரேம், ஹேண்டில் எல்லாத்துக்கும் இதே மாதிரி பாருங்க. ஹெட்லைட் மேக்னெட்ல எரியிற வண்டின்னா பிரேக் லைட்டும் ஹாரனும் வச்சுப் பாத்தா போதும்.

ஒயர் அறுந்திருக்கான்னு மீட்டரோட பீப் சத்தம் வச்சுப் பாக்காதீங்க. ஏழு இழைல ஆறு அறுந்து ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏன்னா அதுக்குத் தேவையான கரண்ட் துளியூண்டு. 35 வாட்ஸ் ஹெட்லைட்டுக்கு கிட்டத்தட்ட 3 ஆம்பியர் வேணும், அந்த ஒத்தை இழை அதைத் தாங்காது. அதனாலதான் 21 வாட்ஸ் பல்பு. சந்தேகப்படற ஒயர் வழியா இந்தப் பல்பை எரியவிட்டுப் பாருங்க, நல்ல ஒயர்னா பளிச்சுனு எரியும், போன ஒயர்னா மஞ்சளா அழும்.

6. செத்த அந்த நிமிஷம் என்ன பண்ணணும்

வண்டி நின்னதும் பதட்டத்துல கிக்கரை மிதிக்காதீங்க, ஹேண்டிலையும் திருப்பாதீங்க. பின்னாடி வண்டி வருதான்னு பாத்து, முடிஞ்ச வரைக்கும் நேரா உருட்டி ஓரத்துல நிறுத்துங்க. சாவி ஆன்லயே இருக்கட்டும்.

புல்லட்காரங்களுக்கு கண்ணு முன்னாடியே ஒரு மீட்டர் இருக்கு, பேட்டரிக்குள்ள கரண்ட் போகுதா வெளில வருதான்னு காட்டற அந்த ஆம்மீட்டர். லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிட்டு கிக்கரைக் கையால மெல்ல மெல்ல அழுத்துங்க. பாயிண்ட் மூடறப்போ முள்ளு மைனஸ் பக்கம் மூணு ஆம்பியர் கிட்ட சாயணும், பாயிண்ட் திறக்கிறப்போ திரும்ப நடுவுக்கு வரணும். இப்படி முள்ளு போய் வந்தா காயிலுக்கு கரண்ட் போகுது, அப்போ கண்டன்சர், காயில், பிளக் ஒயர் பக்கம் தேடணும். எவ்வளவு அழுத்தினாலும் முள்ளு அசையவே இல்லன்னா பாயிண்டுக்கு நடுவுல அழுக்கு இருக்கலாம், இல்ல காயில் வரைக்கும் கரண்ட் வரவே இல்ல. சாஞ்ச முள்ளு அங்கயே நின்னுட்டு திரும்பவே இல்லன்னா பாயிண்ட் திறக்கல, இல்ல அங்க ஒயர் பாடில படுது. ஒரு நிமிஷ வேலை இது, ஆனா தேட வேண்டிய இடம் பாதியா குறைஞ்சுடும். பார்த்து முடிச்சதும் சாவியை ஆஃப் பண்ணிடுங்க, பாயிண்ட் மூடி நிக்கிறப்போ ரொம்ப நேரம் ஆன்ல விட்டா காயில் சூடாகி நிஜமாவே போயிடும்.

பாயிண்ட் வண்டிக்கு இன்னும் நல்ல வழி, கோளாறைப் பிடிச்சுக் கொடுத்ததே இதுதான்: அந்த 3 வாட்ஸ் பல்போட ஒரு முனையை காயிலோட பிளஸ்லயும் இன்னொரு முனையை எர்த்துலயும் மாட்டி, பல்பை ஹேண்டில்ல கண்ணுல படற மாதிரி டேப் போட்டுக் கட்டிட்டு ஓட்டுங்க. கூட்டம் இல்லாத ரோட்ல, கண்ணு ரோட்லயே இருக்கட்டும், ஓரக்கண்ணுல பல்பு தெரிஞ்சா போதும். இன்ஜின் சாகற நேரத்துல பல்பும் அணைஞ்சா காயிலுக்கு வர்ற கரண்ட்ல கோளாறு. பல்பு எரிஞ்சுட்டே இருக்க இன்ஜின் மட்டும் செத்தா காயிலுக்கு அப்புறம்.

எனக்கு பல்பு அணைஞ்சுது. அடுத்த நாள் பல்போட முனையை ஹெட்லைட் கூட்டுக்குள்ள, காயிலுக்குக் கிளம்புற ஒயரோட ஆரம்பத்துல மாட்டினேன். ரெண்டு நாள் ஒண்ணும் ஆகல. மூணாவது நாள் கூடுவாஞ்சேரி யூ டர்ன்ல இன்ஜின் செத்துச்சு, பல்பு எரிஞ்சுட்டே இருந்துச்சு. கூட்டுக்குள்ள கரண்ட் இருக்கு, காயில்ல இல்ல. நடுவுல இருக்கிறது கழுத்து வழியா போற ஒரு ஒயர் மட்டும்தான்.

7. கையால ஆட்டிப் பாக்கிறது

இடம் குறுகினதுக்கு அப்புறம்தான் இந்த வேலை. வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு ஐடில்ல ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் மெதுவா திருப்புங்க. அப்புறம் ஒயர் கட்டை ஒவ்வொரு சாண் தூரமா பிடிச்சு லேசா வளைச்சு, இழுத்து, அமுக்கிப் பாருங்க. முக்கியமா கழுத்துகிட்ட, டாங்குக்கு அடில ஃப்ரேமோட உரசற இடம், சீட்டுக்கு அடில, பின் மட்கார்டு ஓட்டைல நுழையிற இடம், ஹேண்டில் ஸ்விட்சுக்குள்ள நுழையிற இடம், கப்ளர் (ஒயரும் ஒயரும் சேர்ற பிளாஸ்டிக் கனெக்டர்) ஒவ்வொண்ணும். இன்ஜின் சத்தம் ஒரு துடிப்பு தவறினாலும் கையை அங்கயே நிறுத்துங்க. மொத்தமா பிடிச்சு உலுக்காதீங்க, அப்படி உலுக்கினா எந்த இடம்னு தெரியாது, சும்மா இருந்த ஜாயிண்ட்டும் விட்டுப் போகும்.

எங்க ஏரியால ஒரு வயசான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கார், அவர்கிட்ட கேட்டப்போ "ஒயரைக் கண்ணால பாக்காத தம்பி, விரலால பாரு"ன்னார். கழுத்துகிட்ட கறுப்பு ஸ்லீவை பிளேடால நீளவாக்குல கீறித் திறந்தேன். உள்ள ஒயரெல்லாம் கலர் மங்கி இருந்துச்சே தவிர எதுவும் அறுபடல, தோல் எங்கயும் கிழியல. ஒவ்வொண்ணா ரெண்டு விரல்ல பிடிச்சு மடக்கிப் பாத்தேன். எல்லாம் கம்பி மாதிரி விறைப்பா வளைஞ்சு நிமிர்ந்துச்சு. ஒண்ணு மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு ஈர நூல் மாதிரி துவண்டு விழுந்துச்சு. அந்த இடத்துல தோலை மட்டும் சீவினா உள்ள செம்பு இல்ல, கரும்பச்சைப் பொடி கொட்டுச்சு, ரெண்டு பக்கமும் இழை முனைங்க தனித்தனியா நின்னுட்டு இருந்துச்சு. முப்பது வருஷம் ஹேண்டில் திரும்பித் திரும்பி உள்ள இழை ஒண்ணொண்ணா அறுந்து, தண்ணி ஏறி களிம்பு பிடிச்சிருக்கு. இதை வெளிலேருந்து எந்த மெக்கானிக்கும் கண்டுபிடிச்சிருக்க முடியாது, அவங்களைத் தப்பு சொல்லல. அவங்ககிட்ட வண்டி இருந்த நேரத்துல கோளாறு இல்ல, அவ்வளவுதான்.

8. ஃபியூஸ் எப்பவாவது போகுதுன்னா

புது ஃபியூஸ் போடறதும் அது போறதுமா இருந்தா, பெரிய ஃபியூஸ் போடாதீங்க, சிகரெட் பேப்பர், செம்புக் கம்பி கனவுலயும் வேணாம், டாங்குக்கு அடிலதான் அந்த ஒயர் போகுது. ஃபியூஸைக் கழட்டிட்டு ஃபியூஸ் ஹோல்டரோட ரெண்டு முனைலயும் 21 வாட்ஸ் பல்பை மாட்டுங்க. காயிலுக்குப் போற ஒயரையும் எல்லா பல்பையும் கழட்டி வச்சுட்டு சாவியை ஆன் பண்ணுங்க. இப்போ பல்பு எரியக் கூடாது. எரிஞ்சா எங்கயோ பாடில படுது. எரியலன்னா ஒயர் கட்டை ஏழாவதுல சொன்ன மாதிரி ஆட்டிட்டே வாங்க, ஷார்ட் ஆகிற இடத்துல பல்பு பளிச்சுனு எரியும். எத்தனை தடவை ஷார்ட் ஆனாலும் ஒண்ணும் கருகாது, கரண்டை பல்பு தாங்கிக்கும்.

9. சூடு, மழை

நிஜமாவே சூட்டுல சாகற வண்டியும் உண்டு. கண்டன்சர், காயில், சிடிஐ வண்டில பிக்கப் காயில் (எப்போ பொறி விடணும்னு சிடிஐக்குச் சொல்றது), மூணும் சூடானா விட்டுப் போற பழக்கம் உள்ளது. சூடா செத்த உடனே காயிலோட ஓம் (மின்தடை) அளந்து எழுதுங்க, ஆறினதுக்கு அப்புறம் அளந்து எழுதுங்க. பாயிண்ட் வண்டியோட 12 வோல்ட் காயில்ல சின்ன டெர்மினல் ரெண்டுக்கும் நடுவுல 3, 4 ஓம் சுமாரா வரும், சூட்டுல அது திடீர்னு எகிறினா காயில் போச்சு. கண்டன்சருக்கு வேற அடையாளம், பாயிண்ட்ல பெரிய பெரிய பொறி பறக்கும், பாயிண்ட் முகம் சீக்கிரம் கருகி குழி விழும். கண்டன்சர் விலை குறைவுதான், ஆனா டூப்ளிகேட் நிறைய வருது, புதுசு போட்டும் அதே பிரச்சனைன்னா புதுசே மோசமா இருக்கலாம். ஓடிட்டு இருந்த பழசைத் தூக்கிப் போடாம டூல் பாக்ஸ்ல வச்சுக்கோங்க.

மழைல மட்டும் வந்தா, ராத்திரி இருட்டுல வண்டியை ஓடவிட்டு பிளக் ஒயர், பிளக் கேப் மேல ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிங்க. நீலமா பொறி ஊர்றது கண்ணுக்கே தெரியும். கையால தொட்டுடாதீங்க. வாட்டர் சர்வீஸ் விடும்போது ஸ்விட்ச் மேலயும் ஹெட்லைட் கூட்டு மேலயும் நேரா பிரஷர் அடிக்க வேணாம்னு சொல்லிடுங்க.

10. ஒட்டுப் போடறது

பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. கெட்ட பாகத்தை மட்டும் வெட்டாம, செம்பு பளபளன்னு தெரியிற வரைக்கும் ரெண்டு பக்கமும் வெட்டிக்கிட்டே போங்க, களிம்பு பிடிச்ச செம்புல ஈயம் ஒட்டாது. அதே கனத்துல ஆட்டோ ஒயர் வாங்குங்க, வீட்டுக்குப் போடற காலிங் பெல் ஒயர் வேணாம், அது குலுக்கல் தாங்காது. முக்கியமா, ஜாயிண்ட் கழுத்துல வரக் கூடாது. ஈயம் வச்ச இடம் விறைப்பா ஆயிடும், வளையிற இடத்துல அது இருந்தா ஈயம் முடியிற ஓரத்துலயே திரும்ப அறுந்துடும். நான் கழுத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஜாயிண்ட், அந்தப் பக்கம் ஒரு ஜாயிண்ட், நடுவுல கால் மீட்டர் புது ஒயர்னு போட்டேன். ஹீட் ஸ்லீவை முதல்லயே ஒயர்ல கோத்துட்டு அப்புறம் ஈயம் வைங்க, மறந்துட்டா திரும்பப் பிரிக்கணும். வெறும் இன்சுலேஷன் டேப் நம்ம ஊர் வெயில்ல ஆறு மாசத்துல பிசுபிசுன்னு உரிஞ்சு வந்துடும். கட்டி முடிச்சதும் ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி ஒயர் இழுபடுதா பாருங்க, கொஞ்சம் தொளதொளப்பா இருக்கணும்.

கழுத்துல ஒரு ஒயர் போச்சுன்னா பக்கத்துல இருக்கிறதுக்கும் அதே வயசுதான். அதோட விட்டுடலாமான்னு யோசிச்சு, நாலு ஒயரையும் அப்பவே மாத்திட்டேன். மொத்த ஒயரிங் கிட்டும் மாத்தலாம், சென்னைல ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை ரெண்டு இடத்துலயும் பழைய மாடலுக்கு கிடைக்கும். எனக்கு 1,400 சொன்னாங்க, மாட்டறதுக்கு ஒரு முழு நாள் லேபர் தனி. கிட் வாங்கினா பழசைக் கழட்டறதுக்கு முன்னாடியே தரைல பக்கத்துல விரிச்சு நீளம், கப்ளர், கலர் எல்லாம் ஒத்துப் பாருங்க. ஒத்து வரலன்னா அப்படியே திருப்பிக் கொடுக்கலாம், வெட்டிட்டா வாங்க மாட்டாங்க.

11. பில்லு, கார்டு, ஆர்சி

மெக்கானிக்கிட்ட விட்டா மாத்தின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிக்கோங்க. என்ன மாத்தினாங்கன்னு பில்லுல தேதியோட எழுதச் சொல்லுங்க, துண்டுச் சீட்டுன்னாலும் சரி. பேட்டரி வாரண்டி கார்டுல கடை சீலும் வாங்கின தேதியும் அன்னிக்கே போட்டு வாங்கணும், அப்புறம் போனா போட்டுத் தர மாட்டாங்க. வண்டியை விடும்போது "ஆஃப் ஆகுது"ன்னு மட்டும் சொல்லாம நோட்டைக் காட்டுங்க, முடிஞ்சா கோளாறு வர்ற நேரம் ஒரு வீடியோ எடுத்துக் காட்டுங்க.

பழைய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கிற நேரமும் இதுல முக்கியம். பதிவு பண்ணி 15 வருஷம் ஆனதும் ஒரு தடவை, அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஃபார்ம் 25 போட்டு ஆர்டிஓ ஆஃபீஸ்ல வண்டியைக் காட்டணும். ஆர்சி முடியறதுக்கு 60 நாள் முன்னாடிலேருந்து அப்ளை பண்ணலாம், பரிவாகன் தளத்துல வண்டி நம்பர் போட்டா கட்ட வேண்டிய தொகை காட்டும், பசுமை வரி தனி. ஒரிஜினல் ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, அட்ரஸ் ப்ரூஃப், சேசிஸ் நம்பர் பென்சில்ல தேச்சு எடுத்த பிரிண்ட், இதெல்லாம் ஒரே கவர்ல வச்சுக்கோங்க.

எனக்கு 2024 செப்டம்பர்ல முடியிறதா இருந்துச்சு, ஆகஸ்ட்ல காட்டப் போனேன். வீட்ல அடிச்ச ஹாரன் அங்க அடிக்கல, பிரேக் லைட்டும் எரியல, சரி பண்ணிட்டு இன்னொரு நாள் வாங்கன்னு அனுப்பிட்டாங்க, ஒரு நாள் லீவு போச்சு. அதனால 60 நாள்ல முதல் வாரத்துலயே அப்ளை பண்ணிடுங்க, கோளாறு தேடறதுக்கே பாதி நாள் போயிடும். காட்டப் போற அன்னிக்கு அரை மணி நேரம் முன்னாடியே போய், வண்டியை வெளில நிறுத்தி, ஹேண்டிலை நேரா, இடது, வலதுன்னு மூணு நிலைலயும் வச்சு ஹாரன், ஹை பீம், லோ பீம், நாலு இண்டிகேட்டர், முன் பிரேக், பின் பிரேக் லைட் எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துடுங்க. கைல 21 வாட்ஸ் பல்பு ஒண்ணும் ஃபியூஸ் ரெண்டும் இருக்கட்டும்.